84 சதவீதம்: கணக்குக் கேட்க நம்மிடம் ஆள் இருந்ததா?

2020 ஏப்ரல் மாதத்தை நம் சமுதாயம் மறந்திருக்காது. மறக்கவும் கூடாது.

ஊரடங்கு நேரம். ஊத்துக்கோட்டை கடைத்தெருவில் மளிகைக் கடைகள் மட்டும் காலையில் கொஞ்ச நேரம் பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்த நாட்கள். ஆந்திர எல்லையில் தடுப்பு போட்டாகி விட்டது. சத்தியவேடு, நாகலாபுரம் பக்கமிருந்து வந்து போகும் வியாபாரம் அடியோடு நின்று போனது. அப்படி ஒரு நாளில், நாற்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் நம் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்.

"தம்பி, தமிழ்நாட்டுல வந்த கொரோனாவுல 84 சதவீதம் நம்ம ஆளுங்களாலதான்னு டி.வி.யில சொல்றாங்களே, மெய்தானா?"

"அதெல்லாம் பொய் பாய்" என்றேன்.

"அரசாங்கமே சொல்லுதே தம்பி. எப்படிப் பொய்னு சொல்றே?"

என்னிடம் பதில் இல்லை. கோபம் இருந்தது, வேதனை இருந்தது, பதில் மட்டும் இல்லை. அவரிடம் வருடக்கணக்கில் அரிசி பருப்பு வாங்கிய குடும்பங்கள் அந்த வாரம் அடுத்த கடைக்குப் போய்க் கொண்டிருந்தன. ஒரு சதவீதக் கணக்கு ஒரு மனிதரின் கல்லாப் பெட்டியைக் காலி செய்ததைக் கண்ணெதிரே பார்த்தேன். அந்தக் கணக்கை எடுத்து வைத்துப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கூட எங்கள் ஊரில் இல்லை. ஊரை விடுங்கள், நம் சமுதாயத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்?

2020 ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் டெல்லியில் வெளியிட்ட விவரம் இதுதான்: நாடு முழுவதும் உறுதி செய்யப்பட்ட 14,378 பேரில் 4,291 பேர், அதாவது 29.8 சதவீதம், நிஜாமுத்தீன் மர்கஸ் கூட்டத்தோடு தொடர்புடையவர்கள். தமிழ்நாட்டில் அது 84 சதவீதம். இங்கே சென்னையில் தினமும் மாலை வந்த அறிவிப்பில் 'ஒரே இடத்திலிருந்து பரவியது' என்று பெயர் சொல்லாமல் சொன்னார்கள். பெயர் சொல்லாவிட்டால் என்ன, யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாதவர் யார்?

இந்த எண்கள் பொய்யா? இல்லை. நாம் முதலில் விளங்கிக் கொள்ள வேண்டியது இதைத்தான். எண்கள் எண்ணப்பட்டவைதான். ஆனால் எண்ணிய விதம் என்ன?

தராசு ஆய்வாளர் ஒரே தெருவுக்கு வந்தால்...

வியாபாரிகளுக்கு உடனே புரியும். எடை அளவு முத்திரை பார்க்கும் அதிகாரி ஊருக்கு வருகிறார். பத்துத் தெரு இருக்கிறது. அவர் ஒரே ஒரு தெருவுக்குள் நுழைந்து எல்லாக் கடைகளின் தராசையும் சோதிக்கிறார். மற்ற ஒன்பது தெருவில் யாராவது வலிய வந்து புகார் சொன்னால் மட்டும் போய்ப் பார்க்கிறார். மாலையில் அறிக்கை எழுதுகிறார்: 'இந்த ஊரில் பிடிபட்ட தவறான தராசுகளில் 84 சதவீதம் இந்தத் தெருவில்தான்!'

அந்த அறிக்கையில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. ஆனால் அந்தத் தெருக்காரர்கள் மட்டும்தான் எடையில் மோசம் செய்கிறார்கள் என்று அதிலிருந்து யாராவது முடிவு கட்டினால், அவருக்கு அறிவு இருக்கிறதா என்று நாம் கேட்போம்!

2020 மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் நடந்தது இதுவே. பரிசோதனைக் கருவி குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், நோய் உறுதியானவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள், கடுமையான மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள், அறிகுறி கண்ட மருத்துவப் பணியாளர்கள் என்று ஒரு சிலருக்கு மட்டுமே சோதனை. இந்த நிலையில் டெல்லி போய் வந்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வீட்டாரையும் சேர்த்துச் சோதித்தார்கள். தேடிய இடத்தில் கிடைத்தது. தேடாத இடத்தில் கிடைக்கவில்லை. எத்தனை பேரைச் சோதித்ததில் எத்தனை பேருக்கு வந்தது, மற்றவர்களில் எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்ற கீழ் எண்ணைக் கேட்காமல் மேல் எண்ணை மட்டும் முரசு கொட்டினார்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மூடிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நாள் கணக்கில் தங்கினால் இந்த நோய் பரவத்தான் செய்யும். அங்கே பரவியது உண்மை. அவர்களைத் தேடிச் சோதித்ததும் தவறல்ல, அது நோய்த் தடுப்பின் முதல் வேலை. பல சகோதரர்கள் தாமாகவே முன்வந்து சோதனைக்குப் போனார்கள். தவறு, அந்தத் தேடலில் கிடைத்த எண்ணை எடுத்து ஒரு சமுதாயத்தின் நெற்றியில் ஒட்டியதில் இருக்கிறது. அடுத்த மாதமே கோயம்பேடு காய்கறி அங்காடியிலிருந்து பல மாவட்டங்களுக்குப் பரவியது. அப்போது யாரும் காய்கறி வியாபாரிகள் என்ன மதம், என்ன சாதி என்று சதவீதம் போடவில்லை. போடக் கூடாது என்பதே நம் நிலையும்.

இனி கேளுங்கள். 2020 மே 11 முதல் ஜூன் 4 வரை நாட்டின் 21 மாநிலங்களில் 70 மாவட்டங்களில் 28,000 பேரிடம் இரத்தம் எடுத்து ஓர் ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை மாவட்டங்கள். யாரிடம் எடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். தெரிந்தவர், தெரியாதவர், அறிகுறி உள்ளவர், இல்லாதவர் என்ற பாகுபாடு இல்லை. முடிவு: 0.73 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே நோய் வந்து போயிருக்கிறது. சதவீதம் சிறிது, ஆனால் இந்தியாவின் வயது வந்தோர் தொகையில் அது மே மாதத் தொடக்கத்திலேயே ஏறத்தாழ 64 லட்சம் பேர்! கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் கண்டுபிடிக்கப்படாதவர்கள் 82 முதல் 130 பேர் வரை இருந்தார்கள் என்று அந்த ஆய்வு சொன்னது.

அதாவது நூற்றில் ஒருவரைப் பிடித்து வைத்துக் கொண்டு, அந்த ஒருவர் யார் என்று சதவீதம் பேசியிருக்கிறார்கள்!

பெரியவர் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அது அச்சில் வந்தபோது செப்டம்பர் ஆகி விட்டது. யாரும் விவாத மேடை போடவில்லை. நீதிமன்றங்களும் தாமதமாகவே பேசின. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்ட் 21 அன்று வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தைப் பதிவு செய்தது. அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்ததாக வழக்குப் போடப்பட்ட 70 இந்தியர்களுக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் விடுதலை கிடைக்க 2025 ஜூலை வரை ஆனது. கெட்ட பெயர் வர ஒரு மாலைப் பொழுது. அது போக ஐந்து வருடம்.

அந்த ஆய்வை நடத்தியது யார்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காக அதை ஒருங்கிணைத்தது தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். அது எங்கே இருக்கிறது தெரியுமா? அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில். நம் திருவள்ளூர் மாவட்டத்தில்! ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம், செங்குன்றம் வழியாக ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம். 1999 ஜூலை 2-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தின் பெயரை நம் இளைஞர்களில் பத்துப் பேரிடம் கேளுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்கு எந்த ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்கிறார் என்று மடமடவென்று சொல்வார்கள். தேர்வாய் கண்டிகையில் ஷிப்டு எத்தனை மணிக்கு என்று சொல்வார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள். குற்றம் அவர்கள் மீது இல்லை, நாம் சொல்லவில்லை.

தொற்றுநோயியல் என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்து இது தொற்று நோய்க்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நோய் யாருக்கு வருகிறது, எங்கே வருகிறது, எப்போது வருகிறது, ஏன் அவருக்கு வந்து இவருக்கு வரவில்லை என்று மக்கள் கூட்டத்தை வைத்துக் கணக்குப் பார்க்கும் கல்வி இது. சர்க்கரை நோய்க்கும் பொருந்தும், ஆலைப் புகைக்கும் பொருந்தும். டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். இவர்கள் ஊரைப் பார்க்கிறார்கள்.

இந்தக் கல்வியின் முதல் ஆள் டாக்டரே அல்ல என்பது நம் வியாபாரிகளுக்கு இனிக்கும் செய்தி. லண்டனில் ஜான் கிரவுண்ட் என்று ஒரு துணிமணி வியாபாரி. தேவாலயங்களில் வாராவாரம் வெளியிட்ட அடக்கப் பட்டியல்களை வாங்கி வைத்து, கடைக் கணக்கைப் பார்ப்பது போலப் பல வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள், பிளேக் வருடத்தில் என்ன வித்தியாசம், ஆண் குழந்தை அதிகமா பெண் குழந்தை அதிகமா என்றெல்லாம் எழுதி 1662-ல் புத்தகம் போட்டார். நோய்க் கணக்கு என்னும் துறை அங்கிருந்துதான் கிளம்பியது. பேரேடு எழுதும் கைதான் அதையும் எழுதியது.

நமக்கும் இது அந்நியம் அல்ல. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், அந்த ஊரில் இருப்பவர்கள் வெளியேறாதீர்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். அதைக் கேட்டே உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தின் எல்லையிலிருந்து படையோடு திரும்பினார்கள். மருத்துவ மேதை அர்-ராஸி, மூளைக் காய்ச்சல் அறிகுறி கண்டவர்களில் ஒரு பிரிவுக்கு இரத்தம் எடுத்தும் இன்னொரு பிரிவுக்கு வேண்டுமென்றே எடுக்காமலும் விட்டு இரண்டையும் ஒப்பிட்டதாக எழுதி வைத்திருக்கிறார். அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் முக்கியம். அர்-ராஸியின் பெயரை மேடையில் சொல்லி முழங்குவதோடு நாம் நிறுத்திக் கொள்கிறோம்.

நம் மண்ணில் நடந்தது

இந்த மாவட்டத்து மண்ணுக்கும் இந்தக் கல்விக்கும் பழைய உறவு உண்டு. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய 209 ஊராட்சிகளில், காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியை வைத்து உலகத்திலேயே மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று தொடங்கியது. 1971 வரை சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். சிலருக்கு உண்மை மருந்து, சிலருக்கு வெறும் நீர் மருந்து. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக் கொண்டவருக்கும் தெரியாது. அப்படி மறைத்து வைப்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. தெரிந்து விட்டால் மனம் சாய்ந்து விடும், கணக்கும் சாய்ந்து விடும்.

1979-ல் முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை! குழந்தைகளுக்கு வரும் கடுமையான காச வகைகளைத் தடுக்கிறது என்பதால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள், அவசியம் போட்டுக் கொள்ளவும் வேண்டும். நினைத்ததற்கு மாறான முடிவு வந்தும் மறைக்காமல் வெளியிட்டார்களே, அதைப் பாராட்ட வேண்டும். நம் கிராமத்துப் பாட்டன் பாட்டிகள் நீட்டிய கைகளிலிருந்து உலகம் கற்றுக் கொண்ட பாடம் அது.

அதற்கும் முன்பே, 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மருத்துவ விடுதியிலும் பாதிப் பேருக்கு வீட்டிலும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்த ஏழைகள், விடுதியில் நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு இணையாகக் குணமானார்கள். வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. காசநோய் வந்தால் குடும்பத்தை விட்டுப் பிரித்து மாதக் கணக்கில் அடைத்து வைக்கும் வழக்கம் உலகம் முழுதும் மறையக் காரணம் இந்தக் கணக்குதான். 1999-க்குப் பிறகு இதே திருவள்ளூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களில், நேரில் பார்த்து மருந்து விழுங்கச் செய்யும் திட்டத்தைத் தொடர்ந்து அளந்தார்கள். ஐந்தாறு வருடத்தில் காசநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது தெரிந்தது.

கணக்கு நம்மைக் காயப்படுத்தவும் செய்யும், காப்பாற்றவும் செய்யும். உத்தரப் பிரதேசத்தில் 2002-ல் போலியோ வெடித்தபோது, பாதிக்கப்பட்ட குழந்தைகளில் முஸ்லிம் குழந்தைகள் அளவுக்கு மீறி அதிகம் என்று கணக்கு காட்டியது. சொட்டு மருந்து பற்றிய வதந்தியால் நம் வீடுகளே கதவைச் சாத்தியிருந்தன. அந்தக் கணக்கை யாரும் தொலைக்காட்சியில் முரசு கொட்டவில்லை. இமாம்களிடம் போனார்கள், அலிகார், ஜாமியா பல்கலைக்கழகங்களைத் துணைக்கு அழைத்தார்கள், பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்தார்கள். 2011 ஜனவரியோடு இந்தியாவில் போலியோ ஓய்ந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. வதந்தியைப் பரப்பியவரிடம் 'எத்தனை பேருக்குப் போட்டதில் எத்தனை பேருக்கு?' என்று கேட்கத் தெரிந்திருந்தால் அது அங்கேயே செத்திருக்கும்.

'முதலில் அரசியல் உரிமை, பிறகு இதெல்லாம்' என்று சொல்பவர்கள் உண்டு. சச்சார் கமிட்டி அறிக்கை என்ன? ஐ.ஏ.எஸ். பதவியில் நாம் 3 சதவீதம், ஐ.பி.எஸ். பதவியில் 4 சதவீதம் என்று 2006-ல் எண்ணிக் காட்டிய பிறகுதானே நம் கோரிக்கைக்குப் பலம் வந்தது! அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது. வறுமை இருந்தும் முஸ்லிம் குழந்தைகளின் இறப்பு விகிதம் நாட்டுச் சராசரியை விடச் சற்றுக் குறைவு! ஏன்? கழிவறைப் பயன்பாடு நம் வீடுகளிலும் அண்டை வீடுகளிலும் கூடுதலாக இருப்பது ஒரு பெரும் காரணம் என்று 2018-ல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். தஹாரத்தைப் பற்றி ஆயிரம் பயான் செய்த நம்மிடமிருந்து அந்த ஆய்வு வரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்காலைப் புகையால் பிள்ளைகளுக்கு இளைப்பு வருகிறது என்று மக்கள் மனுக் கொடுக்கிறார்கள். 'ஆதாரம் என்ன?' என்று கேட்கப்படுகிறது. புகை வரும் பக்கம் எத்தனை வீட்டில் இளைப்பு, புகை எட்டாத ஊரில் எத்தனை வீட்டில் என்று ஒரே கேள்வித்தாளை வைத்து எண்ணியிருந்தால் மனு வழக்காகும். எண்ணாவிட்டால் மனு குப்பைக் கூடைக்குப் போகும்.

வழி என்ன?

இளைஞர்களே! இந்தத் துறைக்கு எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள்தான் வர முடியும் என்று எண்ணாதீர்கள். புள்ளியியல், நர்சிங், சமூகப் பணி, உயிரியல், கணினி என்று பல வாசல் உண்டு. அயப்பாக்கம் நிறுவனம் 2001 முதல் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் பட்டம் அது. வேலூர் சி.எம்.சி.யில் தொற்றுநோயியலும் மருத்துவப் புள்ளியியலும் தனித்தனி முதுநிலைப் படிப்புகள். எதற்கு என்ன தகுதி என்று அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக் கொள்ளுங்கள், மாறிக் கொண்டே இருக்கும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. சுகாதார ஆராய்ச்சியின் அடிப்படைகள் என்ற இணைய வழிப் பாடத்தை அதே நிறுவனம் ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். மூலம் பல முறை நடத்தியிருக்கிறது. கேள்வியை எப்படி அமைப்பது, எத்தனை பேரிடம் கேட்பது, யாரை ஒப்பிடுவது, சாய்வு எங்கே நுழையும், ஒப்புதல் வாங்காமல் ஒருவர் விவரத்தைத் தொடக் கூடாது என்பது வரை சொல்லித் தருகிறார்கள். படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் சிறு தொகை. ஆங்கிலத்தில் இருப்பது ஒரு சங்கடம். வாரம் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அதைச் சமாளிக்கலாம். சிப்காட்டில் ஷிப்டு பார்ப்பவரும் படிக்கலாம். வீட்டில் இருக்கும் பட்டதாரிப் பெண்களுக்கு இதை விடப் பொருத்தமான படிப்பு குறைவு.

2004-ல் வந்த ஒருங்கிணைந்த நோய் கண்காணிப்புத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு தொற்றுநோயியல் வல்லுநர், ஒரு புள்ளிவிவர மேலாளர் என்று பணியிடங்கள் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒரு மாவட்டத்தின் நோய்க் கணக்கு கையில் வரும் நாற்காலி அது.

வியாபாரப் பெருமக்களுக்கு ஒன்று. ஜகாத்திலிருந்தும் நன்கொடையிலிருந்தும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் உதவித்தொகை கொடுக்கிறீர்கள், அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வருடத்துக்கு ஒரே ஒரு இடத்தைப் புள்ளியியல் அல்லது பொதுச் சுகாதாரம் படிக்கும் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். சிபாரிசுக் கடிதத்தோடு வரும் கூட்டத்தில் அந்தப் பிள்ளை கடைசியில் நின்று கொண்டிருக்கும்.

கொரோனா இரண்டாம் அலையில் நம் இளைஞர்கள் மதம் பாராமல் உடல்களைச் சுமந்து அடக்கம் செய்தார்கள். நாடே பாராட்டியது. 2020, 2021 இரண்டு வருடத்தில் இந்தியாவில் கூடுதலாக இறந்தவர்கள் 47 லட்சம் என்று 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் கணக்கு 4.81 லட்சம். அரசு அந்த மதிப்பீட்டை மறுத்தது. சர்ச்சை தீரவில்லை. சுடுகாட்டு, இடுகாட்டுப் பதிவேடுகளைப் புரட்டித்தான் பலர் உண்மையைத் தேடினார்கள். சரி, நம் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று நானும் இப்பகுதியில் ஒரு மஹல்லாவின் மையவாடி நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெயர், தகப்பனார் பெயர், தேதி, குழி வெட்டியவருக்குக் கொடுத்த தொகை. இவ்வளவுதான். 2021 மே மாதப் பக்கங்கள் மட்டும் மற்ற மாதங்களை விடத் தடிமனாக இருந்தன. எதனால் என்று அந்த நோட்டு சொல்லவில்லை. வயது என்ற கட்டம் கூட இல்லை.

முத்தவல்லியிடம் பேசினேன். வரும் முஹர்ரம் முதல் வயது, ஆணா பெண்ணா, குடும்பத்தார் சொல்ல இசைந்தால் இறப்புக்குக் காரணம் என்று மூன்று கட்டம் கூடுதலாகக் கோடு போட ஒப்புக் கொண்டிருக்கிறார். நோய் விவரம் வெளியே போகாமல் பார்த்துக் கொள்ளும் பொறுப்பு மோதினாருக்கு. புது நோட்டுக்கான செலவை அந்தப் பெரியவர், 84 சதவீதம் மெய்தானா என்று கேட்டவர், ஏற்றுக் கொண்டார்.